மோட்டார் ரூமில் ஒரு சிம் கார்டு

பொள்ளாச்சிப் பக்கமோ பல்லடம் பக்கமோ ஒரு தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டார்ட்டர் பெட்டியை ஒட்டி இன்னொரு சின்னப் பெட்டி தொங்குவதைப் பல இடங்களில் பார்க்கலாம். உள்ளே ஒரு சிம் கார்டு. தோட்டக்காரர் டவுனில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடி ஒரு மிஸ்டு கால் விட்டால் மோட்டார் எடுக்கும், இன்னொன்று விட்டால் நிற்கும். கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ யாரும் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளும். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடக்கிற பாடு குறைந்தது. காயில் எரிந்து ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப் போகிற செலவும் குறைந்தது. பெட்டியை மாட்டும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்தெந்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் இது கேட்கும்? மாட்டிவிட்டுப் போன எலக்ட்ரீசியன், சோதித்துப் பார்க்கப் பதிந்த தன் எண்ணை அழித்தாரா இல்லையா?

கிளவுடில் ஓடும் வி.எம்.களில் நாம் போடுகிற சர்வர் மேனேஜ்மென்ட் ஏஜென்டும் இதே ஜாதிதான். மும்பையிலோ ஐதராபாத்திலோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் மெஷினுக்குள் சின்ன நிரல் ஒன்றை உட்கார வைக்கிறோம். அது நமக்காக உள்ளே பார்த்துச் சொல்லும், சொன்னதைச் செய்யும், சில சமயம் சொல்லாமலும் செய்யும். கோவையில் சரவணம்பட்டியோ பீளமேடோ, திருப்பூர் பனியன் கம்பெனியின் ஈ.ஆர்.பி. சர்வரோ, ஈரோட்டு ஆடிட்டர் ஆபீஸின் டேலி சர்வரோ, இன்றைக்கு இதில்லாமல் நடத்துவது கஷ்டம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதுதான்: ஏஜென்ட் போடுவதை ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணுகிற காரியமாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அது சாவிக்கொத்தைக் கொடுத்துத் தோட்டத்துச் சாளையில் ஆள் வைக்கிற காரியம். ஆள் கட்டாயம் வேண்டும். அவர் ஒருத்தராக இருக்க வேண்டும், யார் பேச்சைக் கேட்பார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் நேரமும் நம் கையில் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வோம். ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேலே கதிர்கள் இருக்கும். இழை எங்கே அறுந்தது என்று சைடர் என்ற தொழிலாளி சந்து சந்தாக நடந்து பார்த்துப் பிணைப்பது பழைய முறை. இப்போது ஒவ்வொரு கதிருக்கும் சென்சார் வைத்து, அறுந்த இடத்தில் விளக்கு எரிகிற ஏற்பாடு வந்துவிட்டது. அந்த சென்சார் பார்க்கும், சொல்லும், அதோடு சரி. இழையில் கை வைக்காது. மோட்டார் ரூம் சிம் பெட்டியோ கை வைக்கும். ஏஜென்டுகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. சி.பி.யு. எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு நிறைந்தது, லாகில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்து அனுப்புவது ஒரு வகை. பேட்ச் போடுவது, சர்வீஸை நிறுத்தித் தொடங்குவது, எந்தக் கட்டளையையும் ஓட்டுவது இன்னொரு வகை. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு ஒரே பெயரில் கொடுப்பதால் வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. மானிட்டரிங்குக்கு என்று போட்டது, ரூட் அதிகாரத்தோடு எதையும் செய்யக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்கும்.

அமேசானின் எஸ்.எஸ்.எம். ஏஜென்டை எடுத்துக்கொள்வோம். அமேசான் லினக்ஸ், உபுண்டு, விண்டோஸ் சர்வர் என்று அவர்கள் தரும் பல இமேஜ்களில் அது முன்கூட்டியே இருக்கும்; நாம் தனியாகப் போட வேண்டியதுகூட இல்லை. லினக்ஸில் ரூட்டாகவும் விண்டோஸில் சிஸ்டம் கணக்காகவும் ஓடும். வெளியிலிருந்து அதை யாரும் கூப்பிடுவதில்லை. அதுதான் 443 போர்ட் வழியே வெளியே போய் "எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த மெஷினுக்கு நாம் ஒட்டிவைத்த ரோலில் அனுமதி இருந்தால்தான் பதில் கிடைக்கும். இதில் ஒரு அருமையான விளைவு உண்டு. உள்ளே வருவதற்கென்று ஒரு வாசலும் திறந்திருக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.எச்.சுக்கான 22-ஐயும், ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஐயும் ஃபயர்வாலில் ஒரேயடியாக மூடிவிடலாம். டேலியை கிளவுடில் வைத்து, 3389-ஐ உலகத்துக்கே திறந்து, பாஸ்வேர்டாகக் கம்பெனி பெயரோடு 123 சேர்த்து வைத்திருக்கும் அமைப்புகளோடு ஒப்பிட்டால், ஒழுங்காகப் போட்ட ஏஜென்ட் பல மடங்கு பத்திரம்.

ஏஜென்ட் எதற்கு என்று கேட்பவருக்கு 2017 ஒன்றே போதும். அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் வெளியிட்டது. அது அடைத்த அதே ஓட்டை வழியே வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகத்தைப் பிடித்தது மே 12-ஆம் தேதி. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். மருந்து கடையில் இருந்தது. எந்தெந்த மெஷினுக்குப் போட்டாயிற்று, எதற்குப் போடவில்லை என்று தெரியாதவர்கள் மாட்டினார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது நிலைமை இன்னும் மோசம். பேட்ச் எங்கே என்பதற்கு முன்னாலேயே, அந்த லைப்ரரி நம்மிடம் எந்த மெஷினில், எந்த அப்ளிகேஷனுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது என்ற கேள்விக்கே பதில் இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் இருப்புக் கணக்கு எடுக்கும் ஆள் இருந்த இடங்களில் அது ஒரு தேடலோடு முடிந்தது. இல்லாத இடங்களில் எக்செல் ஷீட்டும் போன் காலுமாக நாள்கள் ஓடின.

இதோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மெஷின்களின் கடிகாரம் என்.ஐ.சி. அல்லது என்.பி.எல். நேரச் சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்து வருடக்கணக்காகிறது. 6 மணி நேரம் என்பதை யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி ஒரு வி.எம்.முக்குள் ஆள் புகுந்தது தெரியவந்தால், ஞாயிறு காலை டிபனுக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். புகுந்தவன் முதலில் அழிப்பது அந்த மெஷினில் இருக்கும் லாகைத்தான். அதை அவ்வப்போது எடுத்து வேறிடத்தில் சேர்க்கும் ஏஜென்ட் இல்லாவிட்டால், சொல்வதற்கே ஒன்றும் மிஞ்சாது.

இவ்வளவும் ஏஜென்டுக்குச் சாதகமான வாதம். இனி மறுபக்கம். அதற்கு நான் முதலில் காட்டும் சாட்சி ஓமிகாட் என்று பெயர் வாங்கிய விவகாரம். 2021 செப்டம்பரில் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தது. மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில் அப்போது ஒருவர் லினக்ஸ் வி.எம். எடுத்து, லாக் அனலிடிக்ஸ், ஆட்டோமேஷன் மாதிரி சில சேவைகளை டிக் செய்தால், ஓ.எம்.ஐ. என்ற ஏஜென்ட் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அது ரூட்டாக ஓடும். டிக் செய்தவருக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. அதில் இருந்த ஓட்டை, சி.வி.இ-2021-38647, பத்துக்கு 9.8 மதிப்பெண் பெற்றது. அது எப்படிப்பட்ட ஓட்டை என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும். ஓ.எம்.ஐ.யிடம் ஒரு கட்டளை வந்தால், "யார் கேட்கிறார்" என்று குறித்துக்கொள்ள அது ஒரு சின்னக் கட்டம் வைத்திருக்கும். கட்டத்தின் தொடக்க மதிப்பு பூஜ்யம். பெயரும் பாஸ்வேர்டும் சரிபார்த்த பிறகு அங்கே அந்தப் பயனரின் எண் எழுதப்படும். தப்பான பாஸ்வேர்டு கொடுத்தால் விரட்டிவிடும், அதிலெல்லாம் கெட்டிதான். ஆனால் பாஸ்வேர்டு பகுதியையே அனுப்பாமல் வெறும் கட்டளையை மட்டும் அனுப்பினால், சரிபார்ப்பு நடக்காது, கட்டத்தில் பூஜ்யம் அப்படியே இருக்கும், கட்டளை ஓடும். லினக்ஸில் பூஜ்யம் என்ற எண் யாருடையது தெரியுமா? ரூட்டுடையது. தப்பான சாவி கொண்டுவந்தவனைத் தடுத்த காவலாளி, சாவியே இல்லாமல் வந்தவனை முதலாளி என்று கும்பிட்டு உள்ளே விட்ட கதை.

ஓ.எம்.ஐ.யின் போர்ட் வெளியுலகத்துக்குத் திறந்திருந்தால்தான் தூரத்திலிருந்து இப்படி நுழைய முடியும், எல்லா இடத்திலும் அது திறந்திருக்கவில்லை என்பது உண்மைதான். என்றாலும் எனக்கு இதில் உறுத்துவது ஓட்டையைவிட, அடுத்து நடந்தது. மைக்ரோசாஃப்ட் சரிசெய்த பதிப்பை வெளியிட்டது. ஆனால் பல இடங்களில் அதை மெஷினில் ஏற்ற வேண்டிய பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. தன் மெஷினில் இருப்பதே தெரியாத ஒன்றை ஒருத்தர் எப்படி அப்டேட் செய்வார்? விஸ் தாங்கள் பார்த்த ஒரு சின்ன மாதிரியில் 65 சதவீதத்துக்கும் மேலான வாடிக்கையாளர்கள் தெரியாமலே ஆபத்தில் இருந்ததாகச் சொன்னது. ஏஜென்ட் போடும் முறை என்று எழுதுபவர்கள் எல்லாரும் கட்டளையைக் காப்பி பண்ணி ஒட்டுவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் அதற்கு ஒரு படி முன்னால் ஆரம்பிப்பேன்: புதிதாக எடுத்த வி.எம்.மில் நாம் கை வைப்பதற்கு முன்பே என்னென்ன ஏஜென்ட் ஓடுகிறது என்று ஒரு முறை பட்டியல் எடுங்கள். வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர், முன்னால் இருந்தவர் வைத்திருந்த சாவிகளைக் கேட்டு வாங்குவது மாதிரி.

அந்தக் காப்பி பண்ணி ஒட்டும் வரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல ஏஜென்ட் கம்பெனிகளின் பக்கத்தில் ஒரே வரியில் கட்டளை இருக்கும். ஒரு முகவரியிலிருந்து ஸ்கிரிப்டை இழுத்து, இறங்க இறங்க அப்படியே சூடோ பாஷுக்குள் தள்ளும். இறங்கியது என்ன என்று பார்க்க ஒரு நொடிகூட நமக்குக் கிடையாது. பார்க்கும் முன்பே ரூட்டாக ஓடி முடிந்திருக்கும். நடுவில் லைசென்ஸ் சாவியும் அந்த வரியிலேயே இருப்பதால், ஷெல் ஹிஸ்டரியிலும் அது பதிந்துவிடும். ஸ்கிரிப்டை முதலில் ஃபைலாக இறக்கி, திறந்து பார்த்து, கையெழுத்தைச் சரிபார்த்து, பிறகு ஓட்டுவதற்குப் பத்து நிமிஷம் கூடுதலாகும். பேக்கேஜ் மேனேஜர் வழியே போட முடிந்தால் இன்னும் உத்தமம்.

அடுத்த சாட்சியை எல்லாரும் அறிவோம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் ஏஜென்டுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது, 291 என்ற எண் கொண்ட சேனல் கோப்பு. ஏஜென்டின் நிரல் 20 உள்ளீடுகளைத்தான் கொடுத்தது. புதிய கோப்பு 21-ஆவதையும் எதிர்பார்த்தது. இல்லாத 21-ஆவதைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டிக் கை நீட்டியதும் விண்டோஸ் விழுந்தது. ஏஜென்ட் கெர்னலுக்குள் ஓடியதால் அது மட்டும் விழாமல் மெஷினையே இழுத்துக்கொண்டு விழுந்தது. 10.57-க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்கள் அன்றைக்கு எல்லார் போனிலும் சுற்றின.

மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் சேஃப் மோடில் ஏற்றி அந்தக் கோப்பை அழிக்கலாம். கிளவுட் வி.எம்.முக்குக் கீபோர்டு ஏது? டிஸ்கைக் கழற்றி, நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு வி.எம்.மில் மாட்டி, கோப்பை அழித்து, மறுபடி பழைய இடத்தில் மாட்ட வேண்டியிருந்தது, ஒவ்வொன்றாக. அஷூர் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன இன்னொரு வழி, ரீபூட் செய்துகொண்டே இருங்கள், சிலருக்கு 15 தடவை வரை ஆகியிருக்கிறது என்பது. பல ஆயிரம் கோடி டாலர் தொழிலின் கடைசி வைத்தியம், பழைய டி.வி.யைத் தட்டுகிற கதைதான்.

இங்கே தோட்டத்துக்கு ஒரு நிமிஷம் திரும்பலாம். ஆட்டோ ஸ்டார்ட்டர் தனியாகப் பார்த்தால் நல்ல பொருள். கரண்ட் வந்ததும் மோட்டாரை அதுவே எடுத்துவிடும். ஆனால் மோட்டார் எடுக்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் இருக்கும் அத்தனை தோட்டத்திலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்து, த்ரீ ஃபேஸ் வந்த அதே நொடியில் அத்தனையும் எடுத்தால், டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. கோளாறு எந்த ஒரு ஸ்டார்ட்டரிலும் இல்லை, எல்லாம் ஒரே நொடியில் எடுப்பதில் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் டைமர் வைத்து ஆளுக்குச் சில நிமிஷம் தள்ளி எடுக்க விடுவார்கள். கிரவுட்ஸ்ட்ரைக்கில் அந்தத் தள்ளிப்போடல் இல்லை. அதிலும் நுணுக்கம் ஒன்று உண்டு. எச்சரிக்கையான நிறுவனங்கள் ஏஜென்டின் பதிப்பை ஒன்று பின்தங்கியே வைத்துக்கொள்ளும்படி முன்பே அமைத்திருந்தன. அந்த அமைப்பு ஏஜென்டின் நிரலுக்குத்தான் பொருந்தியது. இந்த மாதிரி வேகமாக வரும் சேனல் கோப்புகளுக்கு அது பொருந்தவில்லை. பிறகுதான் அதையும் வாடிக்கையாளர் தள்ளிப்போடும் வசதி கொடுத்தார்கள். ஆகவே ஏஜென்ட் விற்பவரிடம் "அப்டேட் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமா" என்று கேட்டால் மட்டும் போதாது. "எந்தெந்த அப்டேட்" என்று அடுத்த கேள்வியையும் போட வேண்டும்.

ஏஜென்டைவிட, அதற்குக் கட்டளை கொடுக்கும் கன்சோல் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூலை 2 உதாரணம். கசேயா வி.எஸ்.ஏ. என்பது பல சின்னக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் சர்வீஸ்காரர்களுக்கான மென்பொருள். ரீவில் என்ற கும்பல் அதன் ஓட்டை வழியே நுழைந்து, ஏஜென்ட் மூலமே ரேன்சம்வேரை அனுப்பியது. நேரடியாக அடிவாங்கியவர்கள் அறுபதுக்கும் குறைவு. அவர்களை நம்பியிருந்த 1,500 வரையிலான நிறுவனங்களுக்கு அது பரவியது. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைச் சங்கிலி பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கான கடைகளைச் சாத்தியது. நம் ஊர்ப் பொருள் என்று பெருமைப்படும் ஜோஹோவின் மேனேஜ்எஞ்சினுக்கும் விதிவிலக்கு இல்லை. அதன் டெஸ்க்டாப் சென்ட்ரல் கன்சோலில் 2020 மார்ச்சில் ஒன்றும், 2021 டிசம்பரில் ஒன்றும் பெரிய ஓட்டைகள் வெளிவந்தன. இரண்டாவதைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்துவதாக எஃப்.பி.ஐ.யே எச்சரித்தது. இரண்டுக்கும் பேட்ச் வந்தது. ஏஜென்ட் பத்து மெஷினைப் பேட்ச் செய்யும், சரி. அந்தக் கன்சோலைப் பேட்ச் செய்வது யார் வேலை என்று பல இடங்களில் எழுதியே வைத்திருப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டவுடன் வரும் முதல் மறுப்பு: அப்படியானால் ஏஜென்டே வேண்டாம், ஏஜென்ட் இல்லாமல் செய்கிற வழி இருக்கிறதே. இருக்கிறது. அன்சிபிள் என்ற கருவி எஸ்.எஸ்.எச். வழியே போய் வேலையை முடித்துவிட்டு வந்துவிடும், மெஷினில் எதுவும் தங்காது. கிளவுடின் ஸ்னாப்ஷாட்டை எடுத்து, டிஸ்கின் நகலைப் படித்து ஓட்டை தேடும் கருவிகளும் இருக்கின்றன. இரண்டும் நல்லவை. ஆனால் அன்சிபிளுக்கு ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும், எல்லா வாசலின் சாவியும் ஒரு மெஷினில் இருக்க வேண்டும். அந்த ஒரு மெஷின் பறிபோனால் கசேயா கதைதான். ஸ்னாப்ஷாட் நேற்றைய டிஸ்கைக் காட்டும்; இந்த நிமிஷம் நினைவகத்தில் என்ன ஓடுகிறது என்று காட்டாது. சந்தில் நடக்கும் சைடருக்கும் கதிரில் இருக்கும் சென்சாருக்கும் உள்ள வித்தியாசம் இது. அவர் அந்தப் பக்கம் போனபோது இந்தப் பக்கம் இழை அறுந்தால் திரும்பி வரும் வரைக்கும் பஞ்சு வீண்தான். ஆக, ஏஜென்ட் இல்லாத வழியில் அதிகாரம் மறைந்துவிடுவதில்லை, வேறிடத்துக்குக் குடிபெயர்கிறது.

இரண்டாவது மறுப்பு நம் ஊரில் அதிகம் கேட்பது: எங்களுக்கு இருப்பதே நாலு வி.எம்., இதற்கெல்லாம் எதற்குங்க இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நாலு என்பதாலேயே வேண்டும் என்பேன். நானூறு சர்வர் வைத்திருப்பவரிடம் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் இருக்கிறது. நாலு வைத்திருப்பவரிடம் இருப்பது, வாரத்துக்கொரு நாள் வந்து போகும் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர். அவர் வராத ஆறு நாளும் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டால், "எனிடெஸ்க் போட்டிருக்கிறோம்" என்பார்கள். அதுவும் நிரந்தர பாஸ்வேர்டு வைத்து, யாரும் அனுமதிக்காமலே உள்ளே வரும்படி! ஏஜென்ட் வேண்டாம் என்று சொன்னவர் வீட்டில் ஏற்கெனவே ஏஜென்ட் குடியிருக்கிறது, கணக்கில் வராமல். எனிடெஸ்க் நிறுவனமே 2024 பிப்ரவரியில் தங்கள் சிஸ்டத்துக்குள் ஊடுருவல் நடந்ததை ஒப்புக்கொண்டு சான்றிதழ்களை மாற்றியது. யார் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று பதிவு வைக்கும், ஆளுக்கொரு கணக்கு கொடுக்கும் ஏஜென்ட் அதைவிட மேல்.

அதெல்லாம் கிளவுடுக்காரன் பார்த்துக்கொள்வான் என்பது மூன்றாவது. பார்த்துக்கொள்ள மாட்டான். கட்டடம், கரண்ட், வன்பொருள், அதன் மேல் ஹைப்பர்வைசர் வரை அவன் பொறுப்பு, வி.எம்.முக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமும் அதற்கு மேலே இருப்பதும் நம் பொறுப்பு என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

சரி, ஒருத்தர் போதும் என்று மேலே சொன்னேனே, அது ஏன்? மானிட்டரிங்குக்கு ஒன்று, லாகுக்கு ஒன்று, ஆன்டிவைரஸுக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்காகப் போடச் சொன்னது ஒன்று என்று ஐந்து ஏஜென்ட் ஓடும் வி.எம்.கள் சாதாரணம். 1 ஜி.பி. நினைவகம் உள்ள சின்ன மெஷினில் இவர்கள் சாப்பிட்டது போக அப்ளிகேஷனுக்கு மிஞ்சுவது கொசுறு. அதைவிட, ஐந்தில் ஒவ்வொன்றும் ரூட், ஒவ்வொன்றுக்கும் தனி அப்டேட், ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கன்சோல். முழுதாக ஒன்றாகச் சுருக்குவது எப்போதும் நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வைரஸ் பார்ப்பதையும் பேக்கப்பையும் ஒரே கையில் கொடுப்பது சரியும் அல்ல. கை வைக்கும் அதிகாரமாவது ஒருத்தரிடம் இருக்கட்டும், மற்றவை பார்ப்பதோடு நிற்கட்டும் என்பதுதான் என் பிடிவாதம். பார்ப்பதற்கு ரூட் தேவையில்லாத இடத்தில் தனிப் பயனர் கணக்கில் ஓட்டலாம். பல ஏஜென்டுகள் அதற்கு வழி வைத்திருக்கின்றன, டீபால்ட்டில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

போடும் விதத்தில் இரண்டு இடங்களில் ஆள்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, இமேஜ். ஏஜென்டைப் போட்டு, அது கன்சோலில் பதிவாகி, தனக்கென ஓர் அடையாள எண்ணை வாங்கிக்கொண்ட பிறகு அந்த மெஷினை இமேஜாக எடுத்துவிடுவார்கள். அதிலிருந்து பிறக்கும் இருபது வி.எம்.களும் ஒரே அடையாளத்தைச் சொல்லும். கன்சோலில் ஒரே ஒரு மெஷின் தெரியும், அதன் பெயரும் ஐ.பி.யும் நிமிஷத்துக்கொரு தரம் மாறிக்கொண்டிருக்கும். ஒரே ரேஷன் கார்டில் இருபது குடும்பம். இமேஜில் ஏஜென்டின் கோப்புகள் மட்டும் இருக்க வேண்டும். பதிவு என்பது ஒவ்வொரு மெஷினும் முதன்முதல் பூட் ஆகும்போது தானே செய்துகொள்ள வேண்டியது. இரண்டாவது, மௌனம். ஏஜென்ட் செத்துவிட்டால் சில கன்சோல்கள் கடைசியாகத் தெரிந்த பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருக்கும். ஏஜென்டின் சொந்த லாகே டிஸ்கை நிரப்பி ஏஜென்டை நிறுத்திய வேடிக்கையும் இந்தத் தொழிலில் புதிதல்ல. என்ன சொல்லியது என்பதற்கு அலாரம் வைக்கும்போது, பத்து நிமிஷமாக ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கும் ஓர் அலாரம் வைத்தாக வேண்டும். கிளவுடுக்காரரின் வி.எம். பட்டியலையும் கன்சோலில் தெரியும் பட்டியலையும் வாரம் ஒரு முறை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஆளே இல்லாத மெஷின்கள் தானாகத் தெரியும்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம். 2023 ஆகஸ்டில் மிடிகா என்ற நிறுவனம் காட்டியது. ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட ஒருவன், அந்த மெஷினில் இருக்கும் எஸ்.எஸ்.எம். ஏஜென்டையே தன்னுடைய அமேசான் கணக்கில் பதிவு செய்துகொண்டு, அங்கிருந்து கட்டளை அனுப்பலாம். அமேசான் கையெழுத்திட்ட அதே நிரல், அமேசானுக்கே போகும் அதே போக்குவரத்து, ஆன்டிவைரஸுக்குச் சந்தேகமே வராது. ஆள் நம்ம ஆள்தான், சம்பளம் வேறிடத்தில். ஆகவே ஏஜென்ட் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், எந்தக் கணக்குக்கு அறிக்கை போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழில் கோவைக்கு ஏதோ அயல் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. 2011-இல் சரவண குமார் தொடங்கிய கோவை.கோ நிறுவனத்தின் முதல் பொருளான பிஸ்டாக்360, மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வர்களைக் கண்காணிக்கவும் நிர்வகிக்கவும் ஆனதுதான். உலகத்து சர்வர்களை இங்கிருந்து காவல் காக்கிற பொருளை விற்கிற ஊரில், பக்கத்து வீதி மில் ஆபீஸின் சர்வர் 3389-ஐத் திறந்துபோட்டுத் தூங்குகிறது.

அந்த மில் ஆபீஸில் நாளைக்கே ஏஜென்ட் போட முடிவெடுத்தால், எந்தக் கம்பெனி ஏஜென்ட் என்ற விசாரணைக்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளட்டும். கன்சோல் கணக்கை எந்த மெயில் ஐ.டி.யில் திறப்பது? நடப்பில், போட வந்த சர்வீஸ்காரர் அவசரத்துக்குத் தன் ஜிமெயிலில் திறந்துவிடுவார், ஓ.டி.பி.யும் அவர் போனுக்கே வரும். மூன்று வருஷம் கழித்து அவர் பெங்களூர் போய்விடுவார், அல்லது பில் தகராறில் பேச்சு நின்றுவிடும். ஏஜென்ட் அப்போதும் நாலு வி.எம்.மிலும் ரூட்டாக ஓடிக்கொண்டுதான் இருக்கும், 443 வழியே வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. கம்பெனி டொமைனில் ஒரு பொது மெயில் ஐ.டி., அதற்கு முதலாளி மேஜையில் இருக்கும் ஒரு போன், சர்வீஸ்காரருக்குத் தனியாக ஒரு கணக்கு, அவர் போகும் நாளில் அதை மூட ஒருத்தர் பெயர். இதற்கு லைசென்ஸ் பணம் ஒரு ரூபாய்கூட ஆகாது.